குழித் தண்ணீர்

சாமியைத் தேடி அலுத்துப்போனவர் பத்ரிநாத். மதுரை மகாலுக்குப் பக்கத்தில் பட்டு நூலுக்குச் சாயமேற்றும் சௌராஷ்டிரக் குடும்பம் அவருடையது. காசிக்குப் போனார். சாமியார்களிடம் மந்திரம் வாங்கினார். மாதக்கணக்கில் மௌனமாக இருந்தார். மனசு மட்டும் காய்ந்தே கிடந்தது. மஞ்சள்காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டில்காரர் கொடுத்த பைபிளைப் படித்தார். சிலுவையில் தொங்கியவரும் கைவிடப்பட்டதாகக் கதறியிருக்கிறார் என்று தெரிந்ததும், அவரை விட்டு இவரால் நகர முடியவில்லை.

ஞானஸ்நானம் எடுத்துவிட்டு வந்தவரை அப்பா வீட்டுக்குள் விடவில்லை. தம்பி வெங்கடேஷ்பாபு மட்டும் தெருமுனை வரை கூட வந்தான்.

"எங்க இருந்தாலும் அப்பப்ப போன் பண்ணுண்ணா."

அதற்குப்பின் டி. கல்லுப்பட்டி, மேலூர் என்று பஸ்ஸும் நடையுமாகத் திரிந்து ஊழியம் செய்தார். 1999இல் மேலூருக்கு அப்பால் ஒரு கிரானைட் குவாரிக்கு வந்து சேர்ந்தார். கல் உடைப்பவர்களின் குடிசைகளில் ஞாயிறுதோறும் ஜெபம் நடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஆள் வருவது நின்றது.

மேஸ்திரி நல்லகாமன் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னான்: "அண்ணே, மொதலாளிக்கு ஞாயிறும் திங்களும் ஒண்ணுதான். இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

"தங்கப்பொண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுக்கறதா வாக்கு கொடுத்திருக்கேன் தம்பி."

"குடுங்க," என்று சிரித்தான் நல்லகாமன்.

அடுத்த ஞாயிறு எல்லாக் குடிசைகளும் சாத்திக் கிடந்தன. உள்ளே இருமல் கேட்டது, கதவு திறக்கவில்லை. தங்கப்பொண்ணு மட்டும் வெளியே நின்றாள். கல் சரிந்து புருசனைப் பறிகொடுத்தவள்.

"ஐயா, வயக்காட்டு வழியா போயிருங்க. இன்னைக்கு வேணாம்."

"உனக்கு வேண்டாமா?"

"எனக்கு வேணும்."

"அப்ப வா."

கல் எடுத்து முடித்த பழைய குழியில் பச்சைத் தண்ணீர் நின்றது. அவளை முக்கி எடுத்தபோது, மேலே விளிம்பில் நல்லகாமன் ஆட்களோடு வந்து நிற்பதை இருவரும் பார்த்தார்கள். சிலர் கையில் கடப்பாரை. அவள் தலைமேல் இருந்த கையை அவர் எடுக்கவில்லை. ஜெபத்தையும் சுருக்கவில்லை.

"நீ போ. ஐயாகூடப் பேச வேண்டியிருக்கு," என்று நல்லகாமன் அவளுக்கு வழி விட்டான்.

"போம்மா," என்றார் பத்ரிநாத்.

நடந்தாள். பின்னால் பேச்சுச் சத்தமே கேட்காததால் பயந்து திரும்பினாள். அவரைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணனிடமிருந்து போன் வராமல்போகவே வெங்கடேஷ்பாபு குவாரிக்குத் தேடி வந்தான்.

"ஊர் சுத்துற ஆளுதான சார். அன்னைக்கே பஸ் ஏறிட்டாரு," என்றான் நல்லகாமன்.

சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தங்கப்பொண்ணு முன்னால் வந்தாள்.

"பஸ் ஏறல சார். அந்தக் குழியில இருக்காரு. என் கண்ணால பாத்தேன்."

நல்லகாமன் மெதுவாகக் கேட்டான்: "ஒனக்கு இங்கதான வீடு இருக்கு?"

"இருந்துச்சு," என்றவள், கட்டிய சேலையோடு வெங்கடேஷ்பாபுவின் வண்டியில் ஏறினாள். மதுரை வரைக்கும் ஒரு லாரி பின்னாலேயே வந்தது.

கோர்ட் உத்தரவு வாங்கிக் குழித் தண்ணீரை இறைத்தபோது பத்ரிநாத் கிடைத்தார். கேஸ் இழுத்துக்கொண்டே போனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நல்லகாமனின் ஆட்கள் கோர்ட் வாசலில் நின்றார்கள். அவர்களைத் தாண்டித்தான் தங்கப்பொண்ணு உள்ளே போனாள்.