பெங்களூரு சாப்பிடாத வெங்காயம்

1
இந்தக் கதை என் குற்ற உணர்ச்சியில் பிறந்தது, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2022இல் பெங்களூரு காக்ஸ் டவுனில் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் எனக்கு வேலை. இலங்கையில் டாலர் தீர்ந்துபோனது. கொழும்பு வியாபாரி வெங்காயக் கண்டெய்னர் வேண்டாமென்றார். அதை தேவனஹள்ளி விவசாயி ராஜலக்ஷ்மியிடம் போனில் சொன்னது நான்தான். ஏற்றுமதிக்கென்றே பயிரிடும் ரோஸ் வெங்காயத்தை மூன்று ஏக்கரில் அறுத்து, காயவைத்து, மூட்டை கட்டியிருந்தார்.

2
இதற்கு நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "அயல்நாட்டு நிதி நெருக்கடிகள் நம் வேளாண்மையை..." (ஐயோ, எனக்கே கொட்டாவி வருகிறது.)

இரண்டாவது: "மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ராஜலக்ஷ்மி கதறி..." (பொய். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எழுதச் சுலபம், அவ்வளவுதான்.)

3
நடந்ததைச் சொல்கிறேன்.

"இங்கயே வித்துடலாமே அக்கா?" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

"குட்டி குட்டியா இருக்கும் லவினா மேடம். பெங்களூர்ல யாரு உக்காந்து உரிப்பாங்க? நீங்க வாங்கியிருக்கீங்களா?"

இல்லை.*

(*ஆறு வருடம் இதற்கு பில் போட்டவள் நான். ஒருநாள்கூட சாம்பாரில் போட்டதில்லை.)

அவர் கணவர் ரங்கா பின்னாலிருந்து கத்தியது கேட்டது: "சும்னே, பேசாம லாரில ஏத்து! வந்தது வரட்டும்!" வந்த விலை ஏற்றுக்கூலிக்கே பத்தாது. ராஜலக்ஷ்மி பாதியை ஏற்றினார். மீதியில் நல்லதாகப் பொறுக்கித் திரும்ப மண்ணிலேயே நட்டார். ஏனென்று மறுபடி போன் போட்டுக் கேட்டேன்.

"பூ விடும், விதை எடுக்கலாம். நடுவுல மழை பெஞ்சா எல்லாம் போச்சு. ஆனா கொழும்புக்காரங்க என்னிக்காவது வாங்குவாங்கல்ல? அன்னிக்கு விதை வேணுமே."

ஒரு நாடே திவாலாகி நிற்கிறது, இந்த அம்மா அடுத்த பருவத்தை யோசிக்கிறார்! அப்படியொரு துணிச்சலை நான் கற்பனையில்கூட எழுதியதில்லை.

4
முடிவு அ: வெயில். வயலெல்லாம் வெள்ளைப் பூ. அவர் தனியாக நடுவில் நின்று...

முடிவு ஆ: மழை. அழுகிய பூக்களுக்கிடையே அவர் தனியாக...

இரண்டையும் ராஜலக்ஷ்மிக்குப் போனில் படித்துக்காட்டினேன்.

"ரெண்டுலயும் நான் ஒத்தையா நிக்கிறேனே, ரங்கா எங்க போனாரு? மழையன்னிக்குத் தார்ப்பாயைப் புடிச்சிட்டு நின்னது அவருதான். திட்டிட்டேதான் நின்னாரு, ஆனா நின்னாரு."

"விதை மிஞ்சிச்சா அக்கா?"

"ஒரு ஏக்கருக்குத் தேறிச்சு. நட்டாச்சு."

கொழும்பு வாங்குமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அந்தப் பதிலை நான் எழுதப்போவதுமில்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். வெயிலோ மழையோ, உங்கள் இஷ்டம். ரங்காவை மட்டும் விட்டுவிடாதீர்கள், நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.