சனிக்கிழமைச் சுருட்டு

என் வீட்டுக்காரர் ஒரு தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கிறவர். எந்தத் தூளை எதோடு கலக்கலாம் என்று முகர்ந்து, உறிஞ்சி, துப்பிவிட்டுச் சொல்ல வேண்டும், அதுதான் வேலை. ஆபீஸில் அவருக்கு ‘மூக்கு சார்’ என்று பட்டம். போன மாதம் வந்த காய்ச்சல், போகிறபோது அந்த மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்தாலும் அவருக்குத் தெரிவதில்லை. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். மூக்கில்லாத மூக்கு சாருக்கு அங்கே என்ன வேலை? எனக்குத் தூக்கமே போய்விட்டது.

அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம், சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சின்னச் சுருட்டு. விரல் நீளம்தான் இருக்கும், விலையைக் கேட்டால் தலை சுற்றும். அன்றைக்குப் பிடித்தால்தான் திங்கட்கிழமைக்குள் நாக்கு தெளியுமாம். எனக்கு அந்த நாற்றம் ஆகவே ஆகாது. பால்கனிக்குத் துரத்திக் கதவைச் சாத்திவிடுவேன். காய்ச்சலுக்குப் பிறகு, “வெறும் சூடுதான் தெரியுது, எதுக்கு வேஸ்ட்டு?” என்று அவரே விட்டுவிட்டார். தொல்லை ஒழிந்தது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

இந்தச் சனிக்கிழமை நானே கடைக்குப் போனேன். அவர் வாங்குகிற ரகம் தீர்ந்துவிட்டது என்றார் கடைக்காரர். காப்பி வாசனை போட்ட ரகம் இருந்தது, பார்க்க அச்சு அசல் அதேதான். சுருட்டில் என்ன பெரிய வித்தியாசம் என்று உதிரியாக ஒன்றை வாங்கி வந்தேன்.

சோபாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “இங்கயே பிடிங்க” என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

பேச்சை வளர்க்காமல் நானே வாயில் வைத்துப் பற்றவைத்து ஒரே இழுப்பாக இழுத்தேன். நெஞ்சு எரிந்து, கண்ணில் தண்ணீர் கொட்டி, இருமலில் உயிரே போய்த் திரும்பியது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். காய்ச்சலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

“அடியேய், உள்ள இழுக்காத! புகைய வாய்லயே வச்சிருக்கணும். கொண்டா இங்க.”

அணைந்துபோனதை வாங்கி, தீக்குச்சியின் மருந்து எரிந்து முடிகிறவரை பொறுத்திருந்து, நுனியைச் சுழற்றிச் சுழற்றிச் சூடு காட்டினார். ஒரு வாய் இழுத்தார். கண்ணை மூடி, புகையை மெல்ல மூக்கு வழியாக விட்டார். நான் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவளைப் போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வருதுடி! பழைய மரப்பொட்டியத் தொறந்தா வருமே, அந்த வாசன. கடைசில லேசா மிளகு. அதே சுருட்டுதான்!”

வீடு முழுக்கக் காப்பி மணத்துக்கொண்டிருந்தது. எனக்கே மூக்கைத் துளைத்தது. மனுஷன் மனப்பாடம் ஒப்பிக்கிறார்! பேசாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். மனசு கேட்கவில்லை.

“ஏங்க, இது காப்பி வாசன போட்ட சுருட்டு.”

கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாம்பல் சட்டையில் விழுந்தது, தட்டிவிடவில்லை.

“அப்படி ஆசையா என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டிருந்தியா, வாசன வரலைன்னு சொல்ல வாய் வரல.”

“திங்கட்கிழம அங்கயும் இப்படித்தான் சொல்லப் போறீங்களா?”

“அப்படித்தான் சொல்றதா இருந்தேன். உங்கிட்டயே மாட்டிக்கிட்டேன், அங்க எத்தன நாள் ஓட்டுறது? உண்மையச் சொல்லிடறேன். குடோன்ல போட்டாலும் போறேன்.”

“வேல போனா போகட்டுங்க. பார்த்துக்கலாம்” என்றேன். வாய்தான் பேசியது, மனசு மளிகைக் கணக்குப் போட்டது.

“வேலைய விடு.” சுருட்டைக் கீழே வைத்தார். “முன்னெல்லாம் காலைல கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடியே நீ பக்கத்துல இருக்கறது தெரியும். உன் வாசனையே சொல்லிடும். இப்ப ஒண்ணுமே தெரியல. கண்ணத் தொறக்கவே பயமா இருக்கு.”

என் மேல் அப்படி என்ன வாசனை இருந்துவிடப் போகிறது? வெங்காயமும் துணி சோப்பும்தான். அதைப் போய் இந்த மனுஷன் இத்தனை வருஷமாக முதல் மூச்சில் தேடியிருக்கிறார். பாழாய்ப்போன கண்ணீர் நிற்கவே மாட்டேன் என்றது.

“கண்ணத் தொறக்க வேணாம்” என்றேன். “கைய நீட்டுங்க. இருப்பேன்.”