அட்ரிபியூட்டின் குடி

கல்முனையில் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் அப்ராஸின் மென்பொருள் நிலையம். காலை எட்டு மணிக்கு, வரிப்பத்தான்சேனையில் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை முனாப் உள்ளே வந்ததும் மின்விசிறி பயத்தில் நின்றுவிட்டது. மின்சாரம் போனதென்று சிலர் சொல்வார்கள். அவர்கள் முனாப்பைக் கண்டதில்லை.

"தம்பி, விடிய சுபஹுத் தண்ணிக்கு ஏன் மெசேஜ் வரல்ல? மெசேஜ் இல்லாம வாய்க்கால் துருசுக் கதவத் துறக்க ஏலாதாம். கதிர் வெளிய வாற நேரம் வயல் வெடிச்சிக் கிடக்கு! பின்னேரம் அஸருக்கும் வரல்லண்டா உங்கட புறோகிறாமும் வேணாம், நீங்களும் வேணாம்."

அப்ராஸுக்குக் காரணம் தெரியும். வயலுக்குத் தண்ணீர் விடும் நேரத்தை மெசேஜாக அனுப்பும் அந்தப் புறோகிறாம் பத்து வருடமாகப் பலர் எழுதிக் கொழுக்கவைத்தது. போன போகத்தில் பாதியில் மூச்சடைத்து நின்றது. அதை இளைக்கவைக்கத்தான் அவனிடம் வேலைசெய்யும் றினோஸா ஒரு கருவி செய்தாள். புறோகிறாமின் துண்டுகளான மெதட்டுகளில் எதை யாருமே கூப்பிடுவதில்லையோ, அதைக் கருவி தூக்கியெறியும். நேற்று நானூற்றுப் பன்னிரண்டை எறிந்தது. சுபஹ் மெசேஜை அனுப்புவதும் அதில் போயிற்று. கணினி ஒரு சாண் இளைத்து மேசையில் ஆடியதை அப்ராஸ் தன் கண்ணால் கண்டான்.

"சுபஹ் மெதட்ட மத்த மெதட் கூப்பிடாது காக்கா, மணிக்கூடுதான் கூப்பிடும்," என்றாள் றினோஸா அப்ராஸிடம். "அதுக்கு அடையாளம் மெதட்டுக்குத் தலைக்கு மேல எழுதியிரிக்கிற குறிப்பு, அட்ரிபியூட்."

"அதப் பாக்காமலா எறிஞ்ச?"

"பாத்த. 'நேரத்துக்கு எழுப்பு' எண்டு இரிந்தா விடச் சொல்லித்தான் வச்ச. ஆனா முந்தி எழுதின ஆள், தண்ணி முறைக்கேத்தமாதிரி சொந்தமா 'சுபஹ்', 'அஸர்' எண்டு அட்ரிபியூட் செஞ்சிரிக்காரு. கருவி பேர மட்டும்தான் பாத்திச்சு. என்ட பிழை."

"பழசையே போடுவமா?"

"அஸருக்கு முதல் மூச்சடைச்சிரும்."

"அப்ப அந்த ரெண்டு பேரையும் கருவிக்குச் சொல்லிவிடு."

"இன்னும் எத்தின பேர் வச்சிரிக்காரோ! பேரக் கேட்டுச் சரிவராது காக்கா. குடியக் கேக்கணும்."

முனாப் நிமிர்ந்தார். கலியாணம் பேசினால் அந்தப் பக்கம் முதற்கேள்வி அதுதான். குடி என்பது தாய்வழி வரும் குலம்.

"கம்பியூட்டருக்குள்ளயும் குடியா புள்ள?"

"ஓம் விதானையார். சுபஹுக்கும் அஸருக்கும் தாய் ஒண்டுதான், அந்த 'நேரத்துக்கு எழுப்பு'. பேர் வேற எண்டாலும் குடி மாறாது."

அவள் பதினொரு வரி எழுதினாள். அப்ராஸ் எண்ணிப் பார்த்தான். தான் எழுதியிருந்தால் நூற்றுப்பத்து வந்திருக்கும், அதிலும் பத்து மன்னிப்புக் கேட்கும். பழைய பிரதியில் கருவியை ஓட்டினாள். அது ஒவ்வொரு அட்ரிபியூட்டையும் நிறுத்தி, தாய் யார், தாயின் தாய் யார் என்று மாமிமாரை விடக் கண்டிப்பாக விசாரித்தது. இம்முறை எறிந்தது நானூற்றொன்பது. தப்பியவை மூன்று: சுபஹ், அஸர், பிறகு ஒருவருக்கும் ஞாபகமில்லாத மஃரிப்.

"மஃரிப் என்னத்துக்கு?" என்றான் அப்ராஸ்.

"பொழுதுபடத் துருச அடைக்கச் சொல்ற மெசேஜ்," என்றாள்.

தான் சொன்னபடி இரண்டு பெயரை மட்டும் கொடுத்திருந்தால், துருசு அடைபடாமல் வரிப்பத்தான்சேனை இரவோடிரவாகக் கடலுக்கு வந்து சேர்ந்திருக்கும் என்று கணக்குப் பார்த்த அப்ராஸ், றினோஸாவின் நாற்காலிக்குப் பின்னால் மரியாதையாக எழுந்து நின்றான்.

அஸர் பாங்கு முடிய முனாப்பின் போன் கிணுகிணுத்தது.

"துருசத் துறடா!" என்று அவர் ஜன்னலால் கத்தினார். இருபது கிலோமீற்றருக்கு அப்பால் துருசுக்காரன் திறந்துவிட்டான். அவனுக்கும் மெசேஜ் போயிருந்தது என்பது வேறு விடயம்.

"இனிப் போகலாமே காக்கா," என்றான் அப்ராஸ்.

முனாப் கதிரையை றினோஸாவின் பக்கம் இழுத்துப் போட்டார். "மஃரிபும் வரட்டும். இந்தப் புள்ளட வேலைய முழுசாப் பாக்காமப் போனா வயல்காரனுக்கு நான் என்னத்தச் சொல்ற?"