நகராத கம்பு

செல்லப்பன் ஓட்டும் வேனில் ஏறிய சாப்பாடு எப்போது போய்ச் சேரும் என்பது செல்லப்பனுக்கே தெரியாது. கெட்ட மனுஷன் இல்லை. வழியில் தெரிந்த முகம் தட்டுப்பட்டால் நிறுத்தாமல் போக மனம் வராது, அவ்வளவுதான். மாசாய் ஊரில் அவருக்குத் தெரியாத முகமே இல்லாமல் போனதற்கு அவர் என்ன செய்வார், பாவம்!

வேன் அவருடையதும் இல்லை. ஒரே பிளாட்டில் குடியிருக்கும் நான்கு பெண்கள் சேர்ந்து வாங்கியது. மீரா பீவி பிரியாணி போடுவாள். செல்லப்பனின் மனைவி தனலெட்சுமிக்குக் குழம்பு வகைகள். பொரியலும் பாயசமும் தேன்மொழி பொறுப்பு. யோகேஸ்வரி விடிவதற்குள் தன் சிவப்பு மோட்டார் சைக்கிளில் சந்தைக்குப் போய்க் காய்கறியும் கோழியும் கட்டிக்கொண்டு வருவாள். கல்யாண வீடு, பிறந்தநாள் வீடு என்று ஆர்டர் வந்துகொண்டிருந்தது. சமையலில் குறை சொல்ல ஆள் கிடையாது. குறையெல்லாம் அடுப்படியை விட்டு வேனில் ஏறிய பிறகுதான்.

போன வருஷம் பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் பெண்கள் தின விருந்துக்கு இவர்களைத்தான் கூப்பிட்டார்கள். அங்கே ஆபீசில் வேலை பார்க்கும் ஷிரீன் மேலிடத்தில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்த ஆர்டர். செல்லப்பன் பாதி வழியில் ஒரு நண்பரின் கார் நின்றுபோனதைப் பார்த்து, இறங்கித் தள்ளிக் கொடுத்து, தள்ளிய களைப்புக்கு அந்த நண்பரோடு ஒரு தே தாரிக் டீயும் குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதற்குள் மேனேஜர் பெண்களின் முன்னேற்றத்தைப் பற்றித் தன் பேச்சை இரண்டு தடவை பேசி முடித்திருந்தார். முன்னேறிய பெண்கள் பசி தாங்காமல் கேக்கையும் முறுக்கையும் காலி செய்திருந்தார்கள்.

இந்த வருஷமும் ஷிரீன் இவர்களுக்காகவே பேசினாள்.

"அக்கா, இந்த வாட்டி மட்டும் நேரத்துக்கு வந்துடுங்க. வந்துட்டா தினமும் மத்தியானச் சாப்பாடு உங்களுக்குத்தான். மறுபடியும் லேட்டாச்சுன்னா அப்புறம் நான் வாயைத் திறக்கவே முடியாதுலா."

தினமும் சாப்பாடு என்றால் நாலு வீட்டுக்கும் நிலையான பிழைப்பு. அந்த வார்த்தையைக் கேட்டதும் மீரா பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தனலெட்சுமியைப் பார்த்தாள். தனலெட்சுமி சுவரைப் பார்த்தாள்.

"வேற டிரைவர் வைக்கலாம். வச்சா அந்த மனுஷன் ஒரு மாசத்துக்கு வீட்டுல கை நனைக்க மாட்டாரு," என்றாள் கடைசியில். "நம்மள்ல ஒருத்தி லைசென்ஸ் எடுத்துட்டா ஒண்ணும் சொல்ல முடியாது."

மூன்று பேரும் சேர்ந்தாற்போல் யோகேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார்கள். மோட்டார் ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

யோகேஸ்வரி ஓரடி பின்னால் நகர்ந்தாள். இரண்டு சக்கரத்தில் எந்தச் சந்திலும் புகுந்து வருவாள். நான்கு சக்கரம் என்றால் பின்னால் இருக்கும் இரண்டும் எங்கே இருக்கின்றன என்றே அவளுக்குத் தெரியவில்லை. முக்கியமாக சைட் பார்க்கிங். நாலு கம்பு நட்டு வைத்து, அதற்குள் காரைப் பின்பக்கமாக நுழைக்கச் சொல்வார்கள். கம்பில் பட்டால் பெயில். பழகுவதற்கான எல் லைசென்ஸ் எடுத்து வகுப்புக்குப் போனால், கற்றுக்கொடுக்க வந்தவரோ போனை விட்டு முகத்தை நிமிர்த்தவே இல்லை.

"அவன் கிடக்கிறான்," என்றாள் மீரா பீவி. "நாங்க சொல்லித் தர்றோம்."

மூன்று பேருக்கும் ஸ்டியரிங்கைத் தொட்ட பழக்கம்கூடக் கிடையாது என்பதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

பிளாட்டுக்குப் பின்னால் ஒரு காலித் திடல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே பயிற்சி. கம்புக்கு எங்கே போவது? முதல் நாள் பிளாஸ்டிக் நாற்காலிகளை வைத்தார்கள். ஒன்று அப்பளமாக நொறுங்கியது. பிறகு மூன்று பேரும் தாங்களே ஆளுக்கொரு துடைப்பத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மூலைக்கு ஒருத்தியாக நின்றார்கள். நாலாவது மூலைக்கு மிச்சமிருந்த நாற்காலி ஒன்று. துணைக்கு செல்லப்பன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டிருந்தார்.

ஆச்சரியம் என்னவென்றால், அன்றைக்கே யோகேஸ்வரிக்குப் பார்க்கிங் வந்துவிட்டது. கண்ணாடியில் மீரா பீவி தெரிந்ததும் ஸ்டியரிங்கை ஒடித்தாள். வேன் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஒரு துடைப்பத்தில்கூடப் படவில்லை. மறு வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் ஒரு கையால் ஓட்டினாள்.

"கை ராசிக்கா உனக்கு!" என்று தேன்மொழி கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். யோகேஸ்வரிக்குத் தலை கால் புரியவில்லை. இத்தனை வருஷமாக வேன் ஓட்டும் செல்லப்பண்ணன்கூட இப்படி நிறுத்தியதில்லையே என்று மனதுக்குள் ஒரு கர்வம்கூட வந்து உட்கார்ந்தது.

டெஸ்ட் நாள் வந்தது. மேட்டில் ஏறி நிறுத்தி இறக்கினாள். காரைத் திருப்பிக் காட்டினாள். பார்க்கிங் வந்ததும் சிரித்தே விட்டாள். வேனையே நுழைத்தவளுக்கு இந்தக் குட்டிக் கார் எம்மாத்திரம்? வழக்கம்போல் கண்ணாடியைப் பார்த்தாள். வழக்கம்போல் ஒடித்தாள்.

டொக்.

இறங்கிப் பார்த்தாள். கம்பு சாய்ந்து கிடந்தது. யாரோ தன்னை ஏமாற்றிவிட்டது போல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுதிக்கொண்டிருந்த அதிகாரியிடம், பாதி மலாயும் பாதி அழுகையுமாக, "என்சிக், ஐயா, இந்தக் கம்பு நகரவே இல்லையே!" என்றாள்.

எத்தனையோ சாக்குகளைக் கேட்டுப் பழகிய அந்த மனிதர் பேனாவை மூடிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்தப் புகார் அவருக்குப் புதிது.

சாயங்காலம் மீரா பீவி வீட்டில் யோகேஸ்வரி ஒரு மூச்சு அழுது தீர்த்தாள். "இங்க எப்படிச் செஞ்சேனோ அப்படியேதான் செஞ்சேன் பீவிக்கா. ஒரு இம்மி மாத்தல. என்னதான் தப்புன்னே புரியல."

தேன்மொழி தேநீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"கோச்சுக்காதக்கா," என்றாள் மெல்ல. "வேன் கிட்ட வர்றப்ப நான் கொஞ்சம் நகர்ந்துக்குவேன். கொஞ்சூண்டுதான். நீ மனசு விட்டுடக் கூடாதேன்னு."

"அலமாக்! நீயுமா?" என்று தனலெட்சுமி வாயில் கையை வைத்தாள். "நான் ஒருத்திதான்னு நெனைச்சேன். ஒருத்தி நகர்ந்தா என்ன ஆகிடப் போவுதுன்னு..."

எல்லோரும் மீரா பீவியைப் பார்த்தார்கள். அவள் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள்.

"நான் நடந்தே போயிட்டேன்டி," என்றாள். "ஒரு தடவை சுவரு வரைக்கும் போயிட்டேன்."

யோகேஸ்வரிக்குக் கோபம் வந்தது. கோபம் முழுசாக வருவதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. மூன்று பெண்கள் துடைப்பத்தோடு திடல் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்க, நடுவில் தான் ஒற்றைக் கையால் ஓட்டிய காட்சி கண் முன் வந்தது. சிரித்து முடித்ததும் மறுபடி அழுகை வந்தது. பெண்கள் தினத்துக்கு முன்னால் பாக்கி இருந்தது இன்னும் ஒரே ஒரு டெஸ்ட் தேதிதான்.

"இனிமே நகர மாட்டோம். சத்தியம்," என்றாள் தேன்மொழி.

"நகருவ," என்றாள் யோகேஸ்வரி. "நீங்க மூணு பேரும் நகருவீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?"

மீரா பீவி எழுந்து அடுக்களைக்குள் போனாள். இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தது அவளுடைய பிரியாணி தேக்சா. கல்யாணத்துக்கு உம்மா கொடுத்த பாத்திரம். அதில் வேறு யாரும் கரண்டி விடக் கூடாது, கழுவக்கூட விடமாட்டாள்.

"இது நகராது," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மூலைக்கு மூலை சொத்து இறங்கியது. ஒரு மூலையில் தேக்சா. இன்னொன்றில் தனலெட்சுமியின் கிரைண்டர். மூன்றாவதில் தேன்மொழி ஆசை ஆசையாக வாங்கிய பெரிய ஆவிச்சட்டி. நாலாவதில் அதே பழைய நாற்காலி. சொந்தக்காரிகள் மூவரும் ஓரமாக நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

ஒற்றைக் கை வித்தையெல்லாம் பறந்துபோய், இரண்டு கையும் போதாமல் யோகேஸ்வரி வேனைப் பின்னால் உருட்டினாள். தேக்சாவிலிருந்து எழுந்த ஓசை கோயில் மணிபோல் திடல் முழுக்கக் கேட்டது. செல்லப்பன் கையாட்டுவதை நிறுத்தினார்.

மீரா பீவி கண்ணைத் திறந்தாள். தேக்சாவின் வயிற்றில் பள்ளம் ஒன்று விழுந்திருந்தது. அதைத் தடவிப் பார்த்தாள். யோகேஸ்வரி வாயைத் திறப்பதற்குள், "மன்னிப்பெல்லாம் அப்புறம் கேளு. மறுபடியும் எடு," என்றாள்.

அன்று சாயங்காலம் வரை எடுத்தாள். கிரைண்டருக்கு ஒரு கீறல். ஆவிச்சட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் தேன்மொழிக்கு மயக்கம் வந்தது. மத்தியானத்துக்கு மேல் வேன் எதையும் தொடவில்லை. பின்சக்கரம் எங்கே இருக்கிறது என்று யோகேஸ்வரியின் முதுகெலும்புக்கே தெரிந்துவிட்டது.

அடுத்த டெஸ்டில் கம்பு நகரவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. கார் உள்ளே போய் நின்றது.

பெண்கள் தினத்தன்று அவளே வேனை ஓட்டினாள். கையொடிந்தவர்போல் செல்லப்பன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

"நிறுத்தும்மா, நிறுத்தும்மா, அது நம்ம ரூபேந்திரன்!"

"கையை ஆட்டுங்கண்ணே, போதும்."

மேனேஜர் பேச்சை ஆரம்பிப்பதற்கு முன்பே பள்ளம் விழுந்த தேக்சாவின் மூடி திறந்தது. வாசனை மண்டபத்தைச் சுற்றி வந்ததும், பெண்களின் முன்னேற்றத்தை அவர் நாலே வரியில் முடித்துக்கொண்டார். ஷிரீன் ஓடி வந்து நாலு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அடுத்த திங்கள் முதல் தினச் சாப்பாடு இவர்களுடையது.

தினமும் என்றால் ஒரு டிரைவர் போதாது. அடுத்தது தேன்மொழி என்று முடிவாயிற்று.

முதல் ஞாயிறு. மூலைக்கு என்ன வைப்பது என்ற பேச்சு வந்தபோது யோகேஸ்வரி தன் சிவப்பு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு கீறல் பட்டாலும் இரவெல்லாம் தூங்காமல் கிடப்பாள், அப்படி வைத்திருந்த வண்டி. ஸ்டாண்டைப் போட்டு மூலையில் நிறுத்தினாள்.

வேன் உறுமியது. கோணல்மாணலாகப் பின்னால் வந்தது. சிவப்பு வண்டியை நோக்கி நேராக வந்தது. யோகேஸ்வரியின் கால் தானாக ஓரடி முன்னால் போனது. ஒரு கணம் போதும், இழுத்துவிடலாம். அன்றைக்குத் தேக்சாவைப் பார்த்துக்கொண்டு மீரா பீவி எப்படி நின்றிருப்பாள் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

மீரா பீவி அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

யோகேஸ்வரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வாடி," என்றாள். "இன்னும் வா."