டிராகன் இறங்கும் வழி

கடை வாசலில் இருந்த கல் தொட்டிக்குள் ஆட்கள் சில்லறை போடத் தொடங்கியபோது இராஜேஸ்வரி மாமிக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனில் அந்தத் தொட்டி மாமி கடை திறக்கும் முன்பே இருந்தது. குழாயிலிருந்து எந்நேரமும் குளிர்ந்த தண்ணீர் விழும். சனிக்கிழமைகளில் முருங்கைக்காயும் வாழைப்பூவும் வாங்க வரும் சனம் போத்தலில் பிடித்துக் குடிக்கும். இப்போதோ கோட்டுப் போட்ட மனிதர்கள் ட்ராமை விட்டு இறங்கி வந்து, நாணயத்தை எறிந்து, ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றுவிட்டுப் போனார்கள்.

"உவையள் என்னத்துக்குப் பிள்ளை காசு போடினம்? நேர்த்தியோ?"

மூத்த மருமகள் வேணுகா உள்ளே கறிவேப்பிலையைச் சிறு சிறு கட்டுகளாகக் கட்டிக்கொண்டிருந்தாள். வேலை நாட்களில் அவள் சூரிச்சில் ஒரு நகரத் திட்டமிடல் அலுவலகத்தில் வரைபடங்களுக்கு முன்னால் இருப்பாள். சனிக்கிழமையென்றால் மாமியின் கடை.

"மலையில இருந்து ஒரு டிராகன் ஆத்துக்குத் தண்ணி குடிக்க இறங்குதாம் மாமி. எங்கட கடைக்கு மேலாலதான் அது போற வழியாம். அதால இந்த இடத்துக்குச் செல்வம் பெருகுமாம்."

"இவ்வளவு நாளும் என்ர தலைக்கு மேலால போன டிராகன் ஒரு கிலோ அரிசி வாங்கேல்லையே" என்றார் மாமி.

இருவரும் சிரித்தார்கள். தான் பெற்ற பிள்ளை தெருவில் நடந்து போவதைப் பார்க்கும் தாயைப்போல வேணுகாவுக்கு அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஏனென்றால் அந்த டிராகனைப் பெற்றவள் அவள்தான்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் பழைய தொழிற்சாலை நிலத்தில் மூன்று கோபுரங்கள் கட்டும் வேலை அவளுடைய அலுவலகத்துக்கு வந்திருந்தது. பணம் போடுவது சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று. முதல் வரைபடத்தில் மாமியின் கடை இருந்த தாழ்ந்த ஓட்டுக்கட்டடம் இல்லை. அது இருந்த இடத்தில் வாகனம் இறங்கும் சரிவு ஒன்று வரையப்பட்டிருந்தது.

மாமியின் மூத்த மகன் நிலனை வேணுகா விரும்பிய காலத்தில் அவளுடைய வீட்டில் ஒருவரும் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அப்போது இந்தக் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில், ஒரு ஸ்டூலைப் போட்டு, "இரு பிள்ளை, முதல்ல சாப்பிடு. கலியாணத்தைப் பிறகு பாப்பம்" என்று மீன் றோல்ஸைத் தட்டில் வைத்து நீட்டியவர் மாமி. மாமா இறந்த பிறகும் கடையை மூடாமல் இரண்டு மகன்களையும் படிக்கவைத்தவர். அந்தக் கட்டடத்தை ஒரு கோட்டால் அழிக்க வேணுகாவின் கை எப்படிப் போகும்?

அடுத்த கூட்டத்துக்கு நிறுவனத்தின் ஃபெங் சுய் என்னும் சீன வாஸ்து ஆலோசகர் வந்திருந்தார். கையில் வட்டத் திசைகாட்டியோடு வந்த மென்மையான கிழவர். பின்னால் மலை, முன்னால் லிம்மாற் ஆறு, இடம் நல்ல இடம் என்றார். ஆனால் மூன்று கோபுரங்களும் மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் சுவர்போல நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஹொங்கொங்கில் டிராகன் தண்ணீர் குடிக்கப் போகவென்று கட்டடத்தின் நடுவிலேயே ஓட்டை விடுவார்கள் என்று அவர் சொன்னபோது, அலுவலகத்துக்காரர் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

வேணுகா வாய் திறந்தாள்.

"இந்த ஊர்ப் பழைய ஆட்களிடமும் அப்படி ஒரு கதை இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். காட்டு மலையிலிருந்து ஒரு டிராகன் ஆற்றுக்கு இறங்கும் என்றாள். அது வரும் வழியில் உயரமாக ஒன்றும் கட்டக்கூடாது என்றுதான் அந்த ஓட்டுக்கட்டடத்தை முன்னோர் தாழ்வாகவே விட்டார்கள் என்றாள். வாசலில் இருக்கும் தொட்டி டிராகன் முதல் வாய் நனைக்கும் இடம் என்று கடைசியாகச் சேர்த்தது, அவளுக்கே எங்கிருந்து வந்ததென்று தெரியாது.

கிழவரின் முகம் மலர்ந்தது. ஓட்டுக்கட்டடம் தப்பியது. வீட்டுக்குப் போகும் ரயிலில் அவள் தனியே சிரித்துக்கொண்டு இருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. நன்றி வாங்கச் செய்த காரியமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தொழிலில் சொன்ன பொய் என்பதும் ஒரு காரணம்.

கதைக்குக் கால் முளைத்தது. இலவசப் பத்திரிகை ஒன்று படத்தோடு போட்டது. கோபுர வீடுகளை விற்பவர்கள் விளம்பரத்தில் பொன்நிற டிராகன் வரைந்தார்கள். வீடுகள் கட்டி முடியும் முன்பே விற்றுத் தீர்ந்தன. இவ்வளவு செல்வம் கொட்டும் வாசலைப் பிறத்தியாரிடம் விட்டுவைக்க எந்த நிறுவனத்துக்கு மனம் வரும்? ஓட்டுக்கட்டடத்தின் பழைய சொந்தக்காரரிடமிருந்து அதை அவர்களே நல்ல விலைக்கு வாங்கினார்கள். அங்கே 'டிராகன் வாசல்' என்று ஒரு தேநீர் விடுதி வரப்போகிறதாம். மாமிக்குக் கடையைக் காலி செய்யச் சொல்லி அறிவித்தல் வந்தது.

இடிபட்டிருந்தால் நகரசபையோடு கதைத்து, நட்ட ஈடாக வேறு இடம் ஒன்று கேட்டிருக்கலாம். அப்படித்தான் அந்தத் திட்டத்தில் எழுதியிருந்தது. கட்டடம் தப்பியதால் அதுவும் இல்லை. இதை அந்த வீட்டில் வேணுகா ஒருத்திதான் அறிவாள்.

அறிவித்தல் வந்த கிழமையில்தான் இளைய மகன் சுபேசனின் மனைவி தர்மிகா யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து வந்து இறங்கியிருந்தாள்.

முதலில் மாமி ஒன்றும் நினைக்கவில்லை. கனடாவிலிருந்து ஒன்றுவிட்ட தமக்கை இரத்தினம்மா தொலைபேசியில் கேட்டார், "புதுப் பொம்பிளை கால் வைச்ச நேரம் எப்பிடி?" என்று. "விசர்க்கதை கதையாதை அக்கா" என்று மாமி வைத்துவிட்டார். ஆனால் கேட்ட சொல் காதுக்குள் தங்கிவிட்டது. பிறகு குளிர்பெட்டி பழுதாகி மீன் முழுக்க எறியவேண்டி வந்தது. பிறகு மாறிப் போகவென்று பார்த்த கடையெல்லாம் கை நழுவிப் போயின. ஒருநாள் காலை தர்மிகா ஆசையாக முன்கதவின் இரும்புத் தட்டியைத் தூக்கப் போனபோது, மாமி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நீர் பின்பக்கத்தால வாரும். தட்டியை வேணுகா திறக்கட்டும். அவளின்ர கைராசி."

வேணுகா திறந்தாள். அந்தத் தட்டி அவள் கையில் அன்று கனத்ததைப்போல என்றும் கனத்ததில்லை.

அதன் பிறகு தர்மிகா பின்கதவால்தான் வந்தாள். விளக்கேற்ற அவளை விடுவதில்லை. முதல் வியாபாரத்துக்கு அவள் காசு வாங்குவதில்லை. அவள் அதை ஒருவரிடமும் முறையிடவில்லை. மூலையில் நின்று வெங்காயத்தைத் தரம் பிரித்தபடி, வேணுகாவைக் கண்டால், "அக்கா, தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்பாள். அந்தத் தேத்தண்ணியை வேணுகா ஒருநாளும் முழுதாகக் குடித்ததில்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம் லிம்மாற் கரையில் நடந்தபோது அவள் நிலனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நிலன் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்பவன். கெட்ட செய்தியை அமைதியாகக் கேட்டுப் பழகியவன்.

"நீர் கடையைக் காப்பாத்தத்தானே செய்தனீர்."

"செய்தது நான். சுமக்கிறது தர்மிகா."

"இப்ப சொல்லி என்ன செய்யிறது? கடை திரும்பி வராது. அம்மா உம்மை மட்டும்தான் இந்த வீட்டில முழுசா நம்புறா. அதையும் உடைச்சுப்போட்டு..." அவன் ஒரு கல்லைக் காலால் தட்டி ஆற்றுக்குள் விட்டான். "ஆராவ் பக்கம் பாத்த கடை சரிவரப்போகுது. புதுக்கடை ஓடத் தொடங்கினால் அம்மா உந்தக் கால், கை எல்லாம் மறந்திடுவா. கொஞ்சம் பொறும்."

அவள் பொறுத்தாள். பொறுப்பது சுலபமாக இருந்தது. அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆராவ் நகரில் கடை சரிவந்தது. ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம், அகலமான கண்ணாடி, பின்னால் பொருட்கள் இறக்கச் சிறு முற்றம். திறப்பு விழாவுக்கு மாமி பஞ்சாங்கம் பார்த்து நாள் வைத்தார். அதற்கு முதல்நாள் ஷ்லீரனில் கடைசிப் பெட்டிகளைக் கட்டும்போது வேணுகா கேட்டாள்.

"நாளைக்கு எந்தச் சீலை உடுக்கப்போறீர் தர்மிகா?"

"நான் வரேல்லை அக்கா."

"மாமி சொன்னவவோ?"

"மாமி ஒண்டும் சொல்லேல்லை. நான்தான்." தர்மிகா ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அங்க பொம்பிளை பாக்க வரேக்க என்ர கால் நல்ல கால் எண்டு சொன்னவை. எங்கயோ பிழைச்சுப் போச்சு. புதுக்கடையாவது என்ர கால் படாமல் நல்லா இருக்கட்டும். எனக்கு வயித்துவலி எண்டு இவரைச் சொல்லச் சொல்லியிருக்கிறன். நீங்களும் அப்பிடியே சொல்லுங்கோ."

அவள் அழவில்லை. தன் உயரம் இவ்வளவு, தன் நிறம் இது என்று சொல்வதைப்போலச் சொன்னாள். அவளே நம்பிவிட்டாள். உண்மை வேணுகாவின் வாய்வரை வந்தது. அந்த நேரம் பார்த்து லொறிக்காரன் கதவைத் தட்டினான். தட்டாவிட்டால் சொல்லியிருப்பாளா என்று பிறகு பலமுறை தன்னைக் கேட்டிருக்கிறாள். விடை அவளுக்குப் பிடித்ததாக வரவில்லை.

மறுநாள் காலை ஆராவ் கடை வாசலில் கோலமும் நிறைகுடமும் தயாராக இருந்தன. படிக்குப் பக்கத்தில் சிறு அடுப்பில் பால் வைத்திருந்தது. வந்திருந்த நாலைந்து சொந்தக்காரரிடம் சுபேசன் தரையைப் பார்த்தபடி வயிற்றுவலிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். மாமி மாம்பழ நிறப் பட்டுச்சீலையில் வந்து, ஏற்றிய விளக்கை வேணுகாவின் கையில் கொடுத்தார்.

"நீ முதல் கால் வை பிள்ளை. எங்களுக்கு நடந்ததெல்லாம் இண்டையோட போகட்டும். உன்ர கால் லட்சுமிக் கால்."

வேணுகா படியைப் பார்த்தாள். ஒரு சாதாரண சீமெந்துப் படி. வலது காலைத் தூக்கினால் முடிந்தது. பின்னால் நிலனின் மூச்சு கேட்டது. அவன் மெல்ல, "வையும்" என்றான்.

"மாமி, நான் வைக்கக்கூடாது."

"ஏன், குளிக்கேல்லையோ?" என்று மாமி கேட்க, யாரோ பின்னால் சிரித்தார்கள்.

"அந்த டிராகன் கதை நான் கட்டினது." அவள் படியிலிருந்து திரும்பி மாமியைப் பார்த்தாள். "கட்டடத்தை இடிக்கப் போயினம் எண்டு தெரிஞ்சு, அதைத் தடுக்க நான் கூட்டத்தில ஒரு பொய் சொன்னனான். அந்தப் பொய்யாலதான் அவையள் அந்த இடத்தை வாங்கினவை. இடிச்சிருந்தால் உங்களுக்கு வேற இடம் குடுத்திருப்பினம். கடை போனது என்னால. தர்மிகாவின்ர காலால இல்லை."

"எப்ப தொடக்கம் உமக்குத் தெரியும்?" என்று மாமி கேட்டார்.

"அறிவித்தல் வந்த நாள் தொடக்கம்."

"அவளைப் பின்பக்கத்தால வரச் சொல்லேக்க நீர் பக்கத்தில நிண்டனீர்."

"ஓம் மாமி."

"தட்டியைத் திறந்தனீர்."

"ஓம்."

மாமி அவள் கையிலிருந்து விளக்கை வாங்கினார். பிறகு, வேணுகாவிடமில்லாமல் விளக்கிடம் சொல்வதைப்போல, "அவள் தட்டியில கை வைக்க, எடு எண்டு சொன்ன வாய் என்ர வாய்தானே" என்றார்.

"மாமி, நேரம் போகுது. பால் பொங்கப்போகுது" என்று ஒரு சொந்தக்காரப் பெண் அடுப்பை எட்டிப் பார்த்தாள்.

"அடுப்பை நிப்பாட்டு" என்றார் மாமி. "சுபேசன், காரை எடுத்துக்கொண்டு போய் அவளைக் கூட்டிக்கொண்டு வா. வயித்துவலி எண்டு சொன்னால் நான் மருந்து வைச்சிருக்கிறன் எண்டு சொல்லு."

"அம்மா, நல்ல நேரம் முடிஞ்சிடும்."

"முடியட்டும். நல்ல நேரம் பாத்து நான் செய்த வேலையள் போதும்."

அவர்கள் வாசலிலேயே காத்திருந்தார்கள். பக்கத்துப் பேக்கரிக்காரி நாற்காலிகள் கொண்டுவந்து தந்தாள். நிலன் வேணுகாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பொறு என்று தான் சொன்னது அவனுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். அவன் அவள் கையைத் தேடிப் பிடித்தான்.

சுபேசன் கதையைக் காரிலேயே சொல்லியிருக்கிறான் என்பது தர்மிகா இறங்கிய விதத்தில் தெரிந்தது. அவசரத்தில் உடுத்த நீலச் சீலை, ஈரத் தலை. அவள் நேரே வேணுகாவிடம் வந்தாள்.

"அக்கா, நேற்றுப் பெட்டி கட்டேக்க நான் சொன்னதெல்லாத்தையும் கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள்."

"ஓம்."

"ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம்."

அந்தக் காலையில் வேணுகாவுக்கு மன்னிப்பு என்ற சொல் சின்னதாகத் தெரிந்தது. தர்மிகாவும் அதற்காகக் காத்து நிற்கவில்லை. மாமி நீட்டிய விளக்கை வாங்கினாள். விளக்கைக் கொடுத்த கை அவளுடைய கையை உடனே விடவில்லை. "என்ர புத்தி கெட்டுப் போச்சுது பிள்ளை" என்று மாமி சொன்னது வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. தர்மிகா வலது காலை வைத்து உள்ளே போனாள். அடுப்பை மறுபடி மூட்டினார்கள். ஆறிப்போன பால் பொங்க நெடுநேரம் எடுத்தது.

எல்லோரும் உள்ளே போனபின் வேணுகா காரிலிருந்த மரக்கறிப் பெட்டி ஒன்றைத் தூக்கினாள். முன்வாசலுக்குப் போக அவள் கால் வரவில்லை. கட்டடத்தைச் சுற்றி முற்றத்தால் போய்ப் பின்கதவை முழங்கையால் தள்ளினாள். உள்ளே மாமி தட்டுகளைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"உந்தக் கதவு சாமானுக்கு" என்றார் மாமி, திரும்பாமலே. "ஆக்கள் முன்னால வாறது. பெட்டியை வைச்சிட்டுச் சுத்திப் போய் வாரும், வேணுகா."

அவள் பெட்டியை வைத்தாள். திரும்பி முற்றத்தால் நடந்தாள். மாமி கூப்பிட்டுவிட்டார், உள்ளே இடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக மாமி அவளைப் 'பிள்ளை' என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்பதும் தெரிந்தது. முன்வாசலில், கோலத்தை மிதிக்காமல் ஓரமாகக் காலை வைத்து, அவள் உள்ளே போனாள்.