இருநூறு ஜாண்

பத்து மணி நேரம் நெட்வொர்க்கை அணைத்து வையுங்கள், என் அப்பா கீழே இறங்கட்டும் என்று டவர்காரரின் மகள் வட்டார மேலாளரிடம் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடாதே என்று அம்மா பதினோரு வருடமாகச் சொல்லி வந்திருந்தாள். அந்தப் பதினோரு வருடமும் டவர்காரர், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த டவரை ஒட்டி, நாற்பத்து நான்கு மீட்டர் உயரத்தில், எதையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றுகொண்டிருந்தார்.

விழுந்தவர்தான் அவர். டவரில் ஏறுகிறவர் முதலில் கீழே மெயின் சுவிட்சை அணைப்பார், தன் பூட்டை அதில் மாட்டுவார், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஏறுவார். பூட்டியவர் இறங்கி வந்து திறக்கும்வரை வேறு கை படக்கூடாது என்பது அந்த வேலையின் சட்டம். அன்று பரீட்சை முடிவு வெளியாகிற நாள். சிக்னல் இல்லை என்று அரை மணி நேரத்தில் அலுவலகத்துக்கு முப்பத்தாறு புகார்கள் வந்தன. அவற்றில் ஒன்று, பதினேழு வயதில் தெருமுனைக் கடையின் கம்பிப் போனிலிருந்து கத்திய அவருடைய மகளுடையது. அப்பா எந்த டவரில் ஏறியிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. மேற்பார்வையாளர் பூட்டை உடைத்துச் சுவிட்சைப் போட்டார். மேலே டவர்காரரின் கை நழுவியது. ஆனால் அதே நொடியில் எழும்பிய சிக்னல், தண்ணீர் மரக்கட்டையைத் தாங்குவதுபோல் அவரைத் தாங்கிக்கொண்டது. மகள் பாஸாகியிருந்தாள்.

ஆள் தரையைத் தொடவில்லை என்பதால் இதை விபத்து என்று எழுத முடியாது என்று கம்பெனி அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் தினமும் அவர் பெயருக்கு நேரே 'பணியில்' என்று எழுதினார்கள். அவர் அங்கே நின்றதிலிருந்து லிஃப்டுக்குள்ளும் சிக்னல் கிடைத்தது, சுரங்கப்பாதையிலும் கிடைத்தது. மழை பெய்தால் யாராவது ஜன்னல் வழியே பார்த்து, "பாவம், மனுஷன் நனையறாரு" என்பார்கள்; பிறகு போனில் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

அம்மா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவருக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். ஆனால் ஊர்ப் பேச்சு முழுவதும் அவர் வழியாகப் போனதால், அவர் வாயில் வந்ததெல்லாம் அடுத்தவர் பேச்சு. "சிலிண்டர் வந்துருச்சா?" என்பார். "வந்துருச்சுங்க" என்பாள் அம்மா. ஒருநாள் "இனிமே எனக்குப் போன் பண்ணாத" என்றார். அது ஏதோ காதல் சண்டை என்று தெரிந்தும் அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மகள் கம்பியில்லாத் தொடர்பே படித்தாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். "உனக்கென்னம்மா, மேலிடத்து சிபாரிசு" என்றார்கள் கூட வேலை பார்த்தவர்கள். முதல் நாள் சிரித்து வைத்தாள். இரண்டாம் நாள் அவள் பார்த்த பார்வையில், மூன்றாம் நாள் யாரும் சொல்லவில்லை.

போன வருடம் ஒரு கேபிள் கருகி மூன்று நிமிடம் ஊரே அடங்கியது. அப்போது அவள் டவருக்கு அடியில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா ஒரு ஜாண் கீழே இறங்கினார். அவர் வழியாக யாரும் பேசாத அந்த மூன்று நிமிடத்தில், மேலேயிருந்து அவருடைய சொந்தக் குரல் வந்தது: "கால் மரத்துப்போச்சு பாப்பா." மின்சாரம் வந்ததும் அதே வாய், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்றது. பழுது சரியானதும், இறங்கிய ஒரு ஜாணும் ஏறி அவர் பழைய உயரத்துக்கே வந்துவிட்டதாகக் கம்பெனி பதிவு செய்தது. அவள் இரவுவரை காத்திருக்கவில்லை, அடுத்த நிமிடமே கணக்குப் போட்டாள். மூன்று நிமிடத்துக்கு ஒரு ஜாண். இருநூறு ஜாண். பத்து மணி நேரம்.

வருகிற ஒன்றாம் தேதி புதிய தலைமுறை நெட்வொர்க் வருகிறது. டவர் வேண்டாம், தீப்பெட்டி அளவில் பெட்டிகள், சுவரில், தெருவிளக்கில், சட்டைப் பொத்தானில்கூட. பழுதே ஆகாது, ஒரு நொடிகூட அணையாது. கம்பெனியின் பெரிய அதிகாரிகள் மேடையேறி அதைச் சொன்னபோது மண்டபமே கைதட்டியது. இனி எந்தக் காலத்திலும் அணையாது என்றால் அப்பா இனி எந்தக் காலத்திலும் இறங்க மாட்டார். அவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பத்து மணி நேரமா?" மேலாளர் தேநீரைக் கீழே வைத்தார். "பத்து நிமிஷம் போனாலே என் சட்டையப் பிடிப்பாங்க. ஆஸ்பத்திரி இருக்கு, தீயணைப்பு இருக்கு..."

"அவங்களுக்குத் தனியா கம்பி இழுத்தாச்சு சார். போன வாரமே."

மேலாளர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. "யோசிச்சுப் பாரும்மா. தரையத் தொட்ட அடுத்த நிமிஷம் அவரு விழுந்த ஆளு. உசுரோட இருப்பாருன்னு உன்னால சொல்ல முடியுமா?"

"முடியாது சார்."

அம்மா பயந்ததும் அதற்குத்தான். மேலே நிக்கிற வரைக்கும் எனக்குப் புருஷன் இருக்காருடி என்பாள்.

"அப்புறம் எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

"கால் மரத்துப்போச்சுன்னு சொன்னாரு சார். எங்கப்பா எங்கிட்ட வேற எதுவும் கேட்டதில்ல."

"சரி, உட்காரு. மேலிடத்துல பேசிப் பார்க்கிறேன்" என்று மேலாளர் போனை எடுத்தார். காதில் வைத்தார். எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார்.

"போகாது சார். ஒன்பதரைக்கே அணைச்சுப் பூட்டிட்டேன். உங்ககிட்ட கேட்டது ஒரு மரியாதைக்கு."

அவர் எழுந்து ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவள் கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கிவிட்டாள். தெருவில் ஜனங்கள் கையில் செத்த போனோடு அண்ணாந்து நின்றார்கள். "இறங்குறாரு போல" என்றார் முடிதிருத்துகிறவர். நாற்காலியில் இருந்தவர் "ஆமா, பத்து ஜாண் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கன்னத்தைக் காட்டினார். ஏழரை மணிக்கு அப்பாவின் கால் தரையைத் தொடும். அம்மாவிடம் அதைப் போனில் சொல்ல முடியாது, நேரில்தான் சொல்ல வேண்டும். அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள்.