கியர் விழாத வண்டி

சான்தோ தொமிங்கோவில் மோட்டார்சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கும் லியோன்சியோவுக்குக் கொஞ்ச நாளாகக் கியர் சரியாக விழவில்லை. கியர் ராடு தேய்ந்துவிட்டது என்று எல்லோரிடமும் அதையே திட்டிக்கொண்டிருந்தான். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போய்விடும் என்று டாக்டர் எச்சரித்ததை மட்டும், பாவம், யாரிடமும் சொல்லவில்லை.

மெக்கானிக் கிரினோ பழைய ராடைக் கழற்றிவிட்டு, இரண்டு முனையிலும் உருண்டை மூட்டு வைத்த புதியதை மாட்டினான். தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான்.

"வெண்ணெய் மாதிரி விழுது அண்ணே! இனி உன்ன மாதிரி கிழவனும் பறக்கலாம்."

"யாருடா கிழவன்? நகரு."

லியோன்சியோ ஆசையாக ஏறி உட்கார்ந்தான். இஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை.

"கியரப் போடுண்ணே."

"மிதிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்!"

கிரினோ குனிந்து பார்த்தான். அண்ணனின் கால், கியர் லிவருக்குப் பின்னால் வெறும் ஃபுட்ரெஸ்டை அழுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பாதத்தைப் பிடித்துத் தூக்கி லிவர்மேல் வைத்தான்.

தன் காலை அவன் பிடித்திருப்பதை லியோன்சியோ கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். இஞ்சினை அணைத்தான். வண்டியைவிட்டு இறங்கத்தான் அவனுக்கு மனம் வரவில்லை.